செப்டெம்பர் 3, செப்டெம்பர் 6: ஒரு கார்ப் பந்தயமும் ஒரு வாக்கெடுப்பும்



போன செப்டெம்பரில எங்கட குழு அரட்டையில நான் ஒரு பகிடி போட்டிருந்தன். நிறையப் பேர் சிரிப்புக் குறி போட்டீர்கள். அந்தப் பகிடியை இண்டைக்கு நான் திருப்பி எடுக்கிறன். ஏன் எண்டு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்காபரோ. இப்ப வட கரோலைனாவில ஒரு அரச பல்கலைக்கழகத்தில முதுகலை படிச்சுக்கொண்டு, இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறன். எங்கட வளாகத்தில ஒரு தொழிற்சங்கம் இருக்கு. மாணவ ஆசிரியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் சமையலறைப் பணியாளர்களும் ஒரே சங்கம். எங்கட கட்டிடத்தில இரவு வேலை செய்யிற ஒரு பெரியவரோட கதைச்சு, அவரிட்ட அங்கத்துவப் படிவத்தில கையெழுத்து வாங்கிறது என்ர பொறுப்பு. அறுபது வயசு இருக்கும். தென் கரோலைனாக்காரர், வெள்ளையர்.

ஒருநாள் நிண்டு கதைச்சம். நல்லாத்தான் போச்சுது. தொழிலாளர் தின வார இறுதியில ஒரு கூட்டம் வைக்கிறம், வருவீங்களோ எண்டு கேட்டன். அந்த ஞாயிற்றுக்கிழமை டார்லிங்டன் பந்தயம், தான் ரீ.வி.யை விட்டு அசையமாட்டன் எண்டார். நான் யோசிக்காமல், "அந்தக் கொடி பிடிக்கிற பந்தயமோ?" எண்டு கேட்டன். அவர் கொஞ்சம் பேசாமல் நிண்டார். பிறகு "சரி, வேலை கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போயிட்டார். படிவம் என்ர கையிலேயே இருந்தது. அதைத்தான் நான் பகிடியாக்கி உங்களுக்கு அனுப்பினன்.

என்ர கேள்வி பொய்யில்லை. அந்தப் பந்தயத்துக்கு ஒரு கொடி வரலாறு உண்டு, கீழே சொல்லுறன். ஆனால் அந்தப் பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது அந்தக் கொடி மட்டும்தான். தொழிலாளர் வரலாறு படிக்கிற எனக்கு, தொழிலாளர் தினத்தில அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிற ஒரு போட்டியைப் பற்றி வேற ஒண்டும் தெரியாது. வெட்கமாக இருந்தது. தேடி வாசிக்கத் தொடங்கினன்.

குளத்துக்கு வளைஞ்ச பாதை

'சதர்ன் 500' என்பது தென் கரோலைனாவின் டார்லிங்டன் என்ற சிறு நகரத்தில் நடக்கும் 500 மைல் கார்ப் பந்தயம். நாஸ்கார் அமைப்பின் மிகப் பழைய பெரும் போட்டி இதுதான். உலகம் அறிந்த டேடோனா மைதானம் திறந்தது 1959-இல். டார்லிங்டன் அதற்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது.

'ஸ்டொக் கார்' என்றால் கடையில் வாங்கக்கூடிய சாதாரணக் கார் என்பதுதான் தொடக்க காலப் பொருள். இன்று ஓடும் கார்கள் அப்படியல்ல. ஆனால் இந்த விளையாட்டின் கவர்ச்சி அங்கேதான் பிறந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டும் கார், ஆலையில் வேலை செய்யும் மச்சான் திருத்தி எடுத்த இயந்திரம்.

ஹரோல்ட் பிராசிங்டன் என்ற உள்ளூர்க்காரர் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, இப்படியொன்றை எங்கள் ஊரிலும் கட்டலாம் என்று நினைத்தார். ஷேர்மன் ரம்சி என்பவரிடம் பருத்தியும் கச்சானும் விளைந்த நிலத்தை வாங்கினார். ரம்சி ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: தன்னுடைய மீன்குளத்தைத் தொடக்கூடாது. அதனால் பாதையின் ஒரு முனையை ஒடுக்க வேண்டி வந்தது. டார்லிங்டன் மைதானம் இன்றைக்கும் முட்டை வடிவில்தான் இருக்கிறது. ஒரு முனைக்குப் பொருந்துகிற கார் மறுமுனைக்குப் பொருந்தாது. ஓட்டுநர்களுக்கு அதுதான் பெரிய தலையிடி, இரசிகர்களுக்கு அதுதான் பெருமை.

முதல் போட்டி 1950 செப்டெம்பர் 4, தொழிலாளர் தினத் திங்கட்கிழமை. 75 கார்கள் ஓடின. 500 மைலை முடிக்க ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வேகமான கார்களின் ரயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டிருக்க, ஜொனி மான்ட்ஸ் என்பவர் ஒரு சின்ன பிளிமத் காரில், பாரவண்டிக்குப் போடும் கடினமான ரயர்களைப் போட்டுக்கொண்டு, நிதானமாக ஓடி வென்றார். பக்கத்து ஊரான ரிமன்ஸ்விலில் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெடியன் வேலிக்குக் கீழால் நுழைந்து அந்த முதல் போட்டியைப் பார்த்தான். கேல் யாபரோ என்ற அந்தப் பெடியன் பின்னாளில் இதே பந்தயத்தை ஐந்து தடவை வென்றான்.

வழமைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இங்கே வேகமாக ஓட வேண்டுமென்றால் வெளிச்சுவரை ஒட்டியே ஓட வேண்டும். அதனால் காரின் வலப்பக்கம் சுவரில் உரசிச் சாயம் உரிந்துபோகும். அதற்கு 'டார்லிங்டன் கீறு' என்று பெயர். புதிதாக வரும் ஓட்டுநர் முதல் கீறு வாங்கினால்தான் இந்தப் பாதைக்குள் வந்ததாகக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, நாள். தொழிலாளர் தினம் என்றால் டார்லிங்டன்.

கொடியை மறைச்சுக் கதைக்க ஏலாது

சரி, கொடிக்கு வருவம். 1952-இல் வென்ற ஃபொன்டி ஃபிளொக் காரின் முன்மூடியில் ஏறி நின்று, 'டிக்சி' பாட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடினார். அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் பாட்டாகவே எல்லாரும் அறிந்த பாட்டு அது. 1957-இல் தொடங்கிய மே மாதப் போட்டிக்கு 'ரெபெல் 300' என்று பெயர். 'ரெபெல்' என்பது அந்தக் கூட்டமைப்பின் கலகக்காரன். அதன் மாண்ட போர்வீரர்களை நினைவுகூரும் நாளை ஒட்டித்தான் அந்தப் போட்டி வைக்கப்பட்டது. கூட்டமைப்பின் படைவீரன் போல் வேடமிட்ட ஒருவன் கொடியோடு வந்து வெற்றிபெற்ற காரில் ஏறி நிற்பதும் அந்தக் காலத்து வழமை.

வேர்ஜினியாவின் டான்வில் நகரத்தைச் சேர்ந்த வென்டெல் ஸ்கொட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1961-இல் நாஸ்காரின் மேல்மட்டப் போட்டிகளுக்கு வந்தார். தன் காரைத் தானே திருத்தி, பிள்ளைகளை உதவியாளர்களாக வைத்துக்கொண்டு ஓடியவர். டார்லிங்டன் நிர்வாகம் அவரைச் சில ஆண்டுகள் உள்ளே விடவேயில்லை. 1963 டிசெம்பரில் ஃபுளோரிடாவின் ஜக்சன்வில்லில் அவர் இரண்டு சுற்று முன்னால் ஓடி முடித்தபோது, வெற்றியை வேறொருவருக்கு அறிவித்தார்கள். சனம் எல்லாம் கலைந்த பிறகுதான் ஸ்கொட் வென்றதாக ஒப்புக்கொண்டார்கள். அவர் 1990-இல் இறந்தார். வெற்றிக் கேடயம் குடும்பத்தின் கையில் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2021-இல்.

நாஸ்கார் அந்தக் கொடியை மைதானங்களில் தடைசெய்தது 2020 ஜூனில்தான். தெருவெல்லாம் ஜோர்ஜ் ஃபுளொயிட்டுக்காக எழுந்த நேரம், மேல்மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரேயொரு கறுப்பின ஓட்டுநரான பபா வொலஸ் வாய் திறந்து கேட்ட பிறகு. கேட்டதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமில்லை.

ஆகவே பெரியவரிட்ட நான் கேட்ட கேள்வியில உண்மை இருந்தது. ஆனால் டார்லிங்டனின் 'மரபு' எண்டு சொல்லப்பட்டதில இந்தக் கொடி மட்டும்தான் இருந்ததோ? அந்த மரபுக்குள்ள சேர்க்காமல் விட்டது என்ன எண்டு நான் கேட்கேல்லை.

1956: ஒரே நகரம், ஒரே கிழமை

1956-இல் தொழிலாளர் தினம் செப்டெம்பர் 3. அன்றைய சதர்ன் 500-ஐ வென்றவர் கேர்ட்டிஸ் டேர்னர். வேர்ஜினியா மலைப்பகுதிக்காரர், மரவியாபாரி, குடியும் கொண்டாட்டமுமாக வாழ்ந்தவர், அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம்.

மூன்று நாள் கழித்து, செப்டெம்பர் 6, வியாழக்கிழமை. அதே டார்லிங்டன் நகரம். அங்கே இருந்த டார்லிங்டன் மனுஃபக்சரிங் கொம்பனி என்ற துணி ஆலையின் தொழிலாளர்கள் தொழிற்சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். முதலாளி தரப்பு முன்கூட்டியே மிரட்டியிருந்தது: சங்கம் வந்தால் ஆலை மூடப்படலாம். அப்படியிருந்தும் சிறிய வித்தியாசத்தில் சங்கம் வென்றது.

ஆலையைக் கட்டுப்படுத்தியவர் ரோஜர் மிலிக்கன். தென் மாநிலங்களில் வரிசையாக ஆலைகள் வைத்திருந்த குடும்பம். வாக்கெடுப்பு முடிந்து ஆறாவது நாள், செப்டெம்பர் 12, இயக்குநர் சபை கூடி ஆலையை மூட முடிவெடுத்தது. நவம்பரில் வேலை நின்றது. டிசெம்பரில் இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஏலம் போட்டு விற்றார்கள். 500-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

சங்கம் வழக்குப் போட்டது. 1965 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. இன்றும் அங்கே தொழிலாளர் சட்டம் படிக்கிற எல்லாரும் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும். ஒரு முதலாளி தன் முழு வணிகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் மூடலாம், சங்கத்தின் மேல் உள்ள வெறுப்பில்கூட மூடலாம். ஆனால் பல ஆலைகளில் ஒன்றை மட்டும், மற்ற ஆலைத் தொழிலாளர்களைப் பயப்படுத்தும் நோக்கத்தோடு மூடினால் அது சட்டமீறல். மிலிக்கன் செய்தது இரண்டாவது வகை என்று நிறுவ இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. நட்ட ஈடாக ஐந்து மில்லியன் டொலர் என்று சமரசம் வந்தது 1980-இல். 24 ஆண்டுகள். அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்கோ. அந்த 24 ஆண்டும், ஒவ்வொரு தொழிலாளர் தினத்திலும், அதே நகரத்தில பந்தயம் நடந்தது. தொழிலாளர் தினத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் டார்லிங்டனுக்கு வந்து போனார்கள். அந்த ஊரில ஒரு வாக்கெடுப்புக்காக ஒரு ஆலையையே இல்லாமல் ஆக்கினவங்கள் எண்ட கதையை மைதானத்தில சொல்ல ஆர் இருந்தது? இண்டைக்கு இரண்டு கரோலைனாக்களும் நாட்டிலேயே ஆகக் குறைந்த தொழிற்சங்க விகிதம் உள்ள மாநிலங்களில் அடங்கும். அந்தப் பயம் தானாக வந்ததில்லை. ஏலம் போட்டுக் காட்டின பயம் அது.

கைத்துப்பாக்கி

1956-இல் வென்ற கேர்ட்டிஸ் டேர்னரின் கதை அதோடு முடியவில்லை.

டார்லிங்டன் ஓட்டுநர்களுக்கு ஆபத்தான இடம். 1957 சதர்ன் 500-இல் பொபி மையர்ஸ் என்ற ஓட்டுநர் மோதி இறந்தார். 1960-இல் கட்டுப்பாட்டை இழந்த கார் ஒன்று திருத்தும் பகுதிக்குள் பாய்ந்து மூன்று பேரைக் கொன்றது. இருவர் கார் திருத்துபவர்கள், ஒருவர் போட்டி அதிகாரி. ரிக்கெட் விற்ற காசின் பெரும்பங்கு மைதானக்காரருக்கும் நாஸ்காருக்கும் போனது. ஓட்டுநருக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை.

1961 ஓகஸ்டில் டேர்னர், ஓட்டுநர்களை ஒரு சங்கமாகச் சேர்க்கத் தொடங்கினார். பின்னால் நின்றது ஜிமி ஹோஃபா தலைமையிலான ரீம்ஸ்ரேர்ஸ் என்ற பாரவண்டி ஓட்டுநர் சங்கம். கேட்டவை எளிமையானவை: பரிசுப் பணத்தில் கூடிய பங்கு, ஓய்வூதியம், காப்புறுதி, மைதானங்களில் ஓரளவு வசதி. நிறைய ஓட்டுநர்கள் ஒப்பமிட்டார்கள்.

நாஸ்காரின் நிறுவனர் பில் ஃபிரான்ஸ் ஓட்டுநர்களைக் கூட்டினார். சங்க உறுப்பினர் எவரும் தன் போட்டியில் ஓட முடியாது என்றும், தேவைப்பட்டால் கைத்துப்பாக்கியோடு நின்று அதை நடைமுறைப்படுத்துவேன் என்றும் சொன்னார். சில நாட்களுக்குள் சங்கம் கரைந்துபோனது. விலக மறுத்த டேர்னருக்கும் டிம் ஃபிளொக்குக்கும் வாழ்நாள் தடை. 1965-இல் பெரிய கார்க் கொம்பனி ஒன்று ஒதுங்கி, நட்சத்திரங்கள் இல்லாமல் கூட்டம் குறைந்தபோது, அந்த 'வாழ்நாள்' நான்கு ஆண்டுகளில் முடிந்தது.

1969-இல் இன்னொரு முயற்சி. ரிச்சர்ட் பெட்டி தலைமையில் ஓட்டுநர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த செப்டெம்பரில் அலபாமாவில் புதிதாகத் திறந்த டலடேகா மைதானத்தில் அந்த வேகத்துக்கு ரயர்கள் பிய்ந்து போயின. ஓடமாட்டோம் என்று சொல்லி முன்னணி ஓட்டுநர்கள் வெளியேறினார்கள். ஃபிரான்ஸ் கிடைத்தவர்களை வைத்துப் போட்டியை நடத்தி முடித்தார். அந்தச் சங்கமும் நிலைக்கவில்லை. இன்றைக்கும் நாஸ்கார் ஓட்டுநர்களுக்குத் தொழிற்சங்கம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்'.

இந்தச் சொல்லை வாசிச்சதும் எனக்கு அப்பாவின்ர ஞாபகம்தான் வந்தது. அப்பா முதல் ரக்சி ஓடினார், இப்ப ஒரு செயலிக்கு ஓடுறார். கார் அவருடையது, ரயர் அவருடைய செலவு, காப்புறுதி அவருடைய செலவு. எந்தப் பயணம் தாறது, எவ்வளவு தாறது எண்டதை மட்டும் செயலி முடிவெடுக்கும். ஒருநாள் காரணம் சொல்லாமல் இரண்டு கிழமைக்குக் கணக்கை நிப்பாட்டி வைச்சிருந்தாங்கள். முறையிட அலுவலகமும் இல்லை, மனிசரும் இல்லை. அவருக்கும் அதே பட்டம்தான்: சுயாதீன ஒப்பந்தக்காரர். மணிக்கு நூற்றி எண்பது மைலில ஓடுறவனையும் ஸ்காபரோவின் எக்ளிண்டன் வீதியில ஓடுறவரையும் ஒரே சொல் கட்டி வைச்சிருக்கு.

மரபு ஆருடைய கையில?

இங்கதான் என்ர வாதம். மரபு எண்டு ஒண்டு தானாக வந்து சேருறதில்லை. எதை வருசா வருசம் திருப்பிச் செய்யிறது, எதை ஒருக்காலும் சொல்லாமல் விடுறது எண்டதை ஆரோ தெரிவு செய்யினம். அந்தத் தெரிவு மைதானச் சொந்தக்காரரிட்ட இருக்கும்வரை, குளமும் கீறும் மரபாகும், வாக்கெடுப்பும் சங்கமும் ஆகாது.

சொந்தக்காரருக்கே மரபில் எவ்வளவு மரியாதை என்பதற்கும் டார்லிங்டனே சாட்சி. ஃபிரான்ஸ் குடும்பத்தின் நிறுவனம் 1982-இல் இந்த மைதானத்தை வாங்கியது. 2004-இல், அரை நூற்றாண்டுக்கு மேல் டார்லிங்டனிடம் இருந்த தொழிலாளர் தின வார இறுதியைப் பறித்துக் கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு மைதானத்துக்குக் கொடுத்தார்கள். பெரிய சந்தை, பெரிய காசு. அங்கே எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை, பிறகு அட்லான்டாவுக்குக் கொடுத்தார்கள். 2015-இல் நாள் டார்லிங்டனுக்குத் திரும்பி வந்தது. வந்தபோது 'மரபு திரும்பிவிட்டது' என்று அதையே விற்றார்கள். கார்களுக்குப் பழைய காலத்துச் சாயம் அடித்து, பழைய விளம்பர எழுத்துக்களைப் போட்டு, ஒரு நினைவு விழா. பழைய பியர் விளம்பரம் திரும்பி வரலாம், பழைய எண்ணெய்க் கொம்பனி திரும்பி வரலாம். 1961-இன் சங்கம் எந்தக் காரில திரும்பி வரும்?

இன்னொன்று. 2020 மே மாதம் கொவிட் முடக்கத்துக்குப் பிறகு நாஸ்கார் திரும்பி ஓடிய முதல் இடமும் டார்லிங்டன். வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஓடினார்கள். ஓட்டுநர்களின் பெயர் இருக்கும் இடத்தில் மருத்துவப் பணியாளர்களின் பெயர்களை எழுதியிருந்தார்கள். அதைக் கண்டு கண்கலங்கின தாதிமார் இருந்திருப்பினம், அதை நான் கேலி செய்யமாட்டன். ஆனால் தொழிலாளியின் பெயரைக் காரில எழுதுறது லேசு. தொழிலாளி தன் பெயரை ஒரு படிவத்தில எழுதினால் என்ன நடக்கும் எண்டது 1956-இல அந்த ஊருக்குத் தெரியும்.

திரும்பவும் பெரியவரிட்ட

இவ்வளவையும் படிச்சுப்போட்டு, இந்த முறை படிவம் இல்லாமல் அவரிட்டப் போனன். முதலில் மன்னிப்புக் கேட்டன். பிறகு, கேர்ட்டிஸ் டேர்னரைத் தெரியுமோ எண்டு கேட்டன்.

சிரிச்சார். கைத்துப்பாக்கிக் கதை அவருக்குத் தெரியும், தகப்பன் சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் ஏதோ புதையல் கண்டெடுத்தது மாதிரிப் போனன், அது அவற்ற வீட்டுக் கதை. ஆனால் அவர் சொன்ன முறை வேற. டேர்னர் சங்கக்காரனே இல்லை எண்டார். ஷார்லட் மைதானத்தைக் கட்டிக் கடனில மூழ்கி, ஹோஃபாவிட்டக் காசு வாங்கப்போனவர். கடனுக்கு விலையாக ஓட்டுநர்களைப் பிடிச்சுக் குடுக்கப் பார்த்தார். இதுதான் அவற்ற கணக்கு.

அவர் சொன்னதில பிழையில்லை. டேர்னர் ரீம்ஸ்ரேர்ஸிடம் பெருங்கடன் எதிர்பார்த்ததும், அதற்காகவே சங்க வேலையைத் தொடங்கியதும் வரலாறு. மேலே நான் அதை எழுதாமல் விட்டதைக் கவனிச்சிருப்பீங்கள். எனக்கும் ஒரு தெரிவு இருந்திருக்கு. வீரக்கதை வேணுமெண்டு நானும் ஒரு துண்டை வெட்டியிருக்கிறன்.

அதாலதான் அவரோட கதைச்சது எனக்கு முக்கியம். கடன் வாங்கப் போனவர் தொடங்கினதாலேயே காப்புறுதி தேவையில்லாமல் போயிட்டுதோ எண்டு கேட்டன். கொஞ்சம் யோசிச்சார். 1964-இல் ஷார்லட்டில் எரிகாயப்பட்டு இறந்துபோன ஃபயர்போல் ரொபர்ட்ஸைப் பற்றித் தானாகவே சொன்னார். அவரும் சங்கத்தில முதல் சேர்ந்து பிறகு விலகினவர். பிறகு மிலிக்கன் ஆலையைப் பற்றி நான் சொன்னன். அது அவருக்குத் தெரியாது. தன்ர பாட்டி வேறொரு ஊரில நூல் ஆலையில வேலை செய்தவ எண்டும், சங்கம் எண்ட சொல்லை வீட்டில மெதுவாகத்தான் சொல்லுவினம் எண்டும் சொன்னார். ஏன் எண்டு தான் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

எங்கட நிலைமையையும் கதைச்சம். வட கரோலைனாவில அரச ஊழியர் சங்கத்தில சேரலாம், ஆனால் அரச நிறுவனங்கள் அந்தச் சங்கத்தோட கூட்டு ஒப்பந்தம் செய்யக்கூடாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஷார்லட் நகரப் பொலிஸாரை ரீம்ஸ்ரேர்ஸ் சேர்க்கப் பார்த்ததுக்குப் பயந்து கொண்டுவந்த சட்டம். அதே ஹோஃபா, அதே ஷார்லட். அவற்ற சம்பளத்தையும் என்ர சம்பளத்தையும் இண்டைக்கும் கட்டிப்போட்டிருக்கிறது அந்தச் சட்டம்தான்.

சில தோழர்கள் இப்ப கேட்பீங்கள்: "அப்ப என்ன, கொடி பிடிக்கிறவனோட போய் நிக்கச் சொல்லுறியோ?" இல்லை. கொடி விசயத்தில விட்டுக்குடுக்க ஒண்டும் இல்லை. வென்டெல் ஸ்கொட்டை வாசலில நிப்பாட்டினதும், ஓட்டுநர் சங்கத்தை உடைச்சதும் வேற வேற கதையில்லை. வெள்ளைத் தொழிலாளிக்கு ஒரு கொடியைக் குடுத்து, சங்கத்தைப் பறிச்சவங்கள். கையில கொடி இருந்தவனுக்குத் தன்ர ரயர் பிய்யிறது தன்ர தனிப்பட்ட அதிர்ஷ்டம் மாதிரித் தெரிஞ்சுது. நாங்கள் கொடியை மட்டும் பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போனால், பறிபோனது என்ன எண்டு அவருக்குச் சொல்ல ஆளில்லை. பெரியவரிட்டக் கொடியைப் பற்றியும் கதைச்சன். 2020 தடை சரியெண்டு அவர் நினைக்கிறார், ஆனால் தன்ர தம்பி அதுக்குப் பிறகு பந்தயம் பார்க்கிறதை விட்டிட்டானாம். அந்தத் தம்பியோட ஆர் கதைக்கிறது? நான் இல்லை. அவர் கதைக்கலாம்.

எங்கட பக்கமும் ஒருக்கால் பாருங்கோ. ரொறொன்ரோவில ஓகஸ்ட் கடைசியில எங்கட தெருவிழா. மேடைக்கு மேல வீடு விக்கிறவரின்ர சிரிச்ச முகம், அடைமானத் தரகரின்ர பதாகை. பறையும் பரதமும் மரபு எண்டு மேடையில ஏறுது. எங்கட அம்மாமார் தொழிற்சாலை வரிசையில நிண்ட இருபது வருசம் எந்த மேடையில ஏறியிருக்கு? அடுத்த கிழமையே தொழிலாளர் தினம் வரும், நாங்கள் அதை பார்பிக்கியூவோட முடிச்சுப்போடுவம். டார்லிங்டன்காரரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு அவ்வளவு தகுதி இல்லை.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். செப்டெம்பர் வாசிப்பு வட்டத்துக்கு வரமுதல், ஒவ்வொருத்தரும் வீட்டில ஒராளிட்டக் கேளுங்கோ: கனடாவுக்கோ லண்டனுக்கோ பாரிசுக்கோ வந்து முதல் செய்த வேலை எது, அங்க சங்கம் இருந்துதோ, இருந்தால் சேர்ந்தவையோ, சேரேல்லை எண்டால் ஏன். எழுதிக்கொண்டு வாங்கோ. அதோட, வேலையிடத்தில உங்களோட நிக்கிற ஒராள் வார இறுதியில என்ன பார்க்கிறார் எண்டும் கேளுங்கோ. கேட்டிட்டுச் சிரியாதேங்கோ.

நான் அப்பாவிட்டக் கேட்டன். "பிள்ளை, ரக்சி ஓடின காலத்தில ஒருக்கால் சங்கம் எண்டு கூப்பிட்டவங்கள். அண்டைக்கு எனக்கு இரவு ஓட்டம்" எண்டார். அதுக்கு மேல சொல்லேல்லை. நானும் இன்னும் கேட்க வேணும்.

பெரியவர் இன்னும் கையெழுத்துப் போடேல்லை. யோசிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். அடுத்த பந்தயத்துக்குத் தன்ர வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். போறன். ரோல்ஸ் கொண்டுபோறன். படிவத்தையும்.